இங்கிலாந்தில் வீடு பார்க்கிறீர்களா? கையெழுத்துப் போடும் முன் இபிசியைப் பாருங்கள்

நம் ஊரில் வீடு பார்க்கப் போனால் முதல் கேள்வி தண்ணீர் எப்படி, அடுத்த கேள்வி காற்று வருமா. லண்டனுக்கு வந்த புதிதில் நானும் அதே கேள்விகளோடுதான் ஈஸ்ட் ஹாமில் ஒரு ஃப்ளாட் பார்த்தேன். ஆகஸ்ட் மாதம். முன்னறையில் நின்றால் ஜன்னலைத் திறக்காமலே சிலுசிலுவென்று காற்று. ஆகா என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். நவம்பரிலும் அதே காற்று அதே இடுக்கு வழியாக வந்தது. பின்னாலேயே கரண்ட் பில்லும் வந்தது.

வேடிக்கை என்னவென்றால், அந்த வீட்டின் லட்சணம் முழுவதும் எழுதிய ஒரு சான்றிதழ் என் மெயிலிலேயே கிடந்தது. ஒப்பந்தத்தோடு ஏஜென்ட் அனுப்பிய ஏழெட்டு இணைப்புகளில் அதுவும் ஒன்று. நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. எனர்ஜி பெர்ஃபார்மன்ஸ் சர்டிஃபிகேட், சுருக்கமாக இபிசி. வீட்டைச் சூடாக வைக்க, வெந்நீர் போட, விளக்கு எரிக்க எவ்வளவு செலவு பிடிக்கும் என்று கணக்குப் போட்டு வீட்டுக்கு மார்க் கொடுக்கும் தாள் அது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2007 முதல் இருக்கிறது. வீட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ விளம்பரம் செய்தால் இது வேண்டும். ஒருமுறை எடுத்தால் 10 ஆண்டு செல்லும்.

புதிதாக வந்தவர்கள் இதில் ‘டி’, ‘ஈ’ என்ற எழுத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது அந்த எழுத்துக்குக் கீழே இருக்கிறது.

தேடி எடுப்பது

ஏஜென்ட் அனுப்பும்வரை காத்திருக்க வேண்டாம். வீட்டைப் பார்க்கப் போகும் முன்பே நீங்களே எடுத்துவிடலாம். காசு கிடையாது, பதிவு செய்யத் தேவையில்லை.

முதலில் போஸ்ட்கோடு வேண்டும், நம் ஊர் பின்கோடு போல. விளம்பரத்தில் பாதி போஸ்ட்கோடுதான் இருக்கும். ஏஜென்டிடம் முழு முகவரி கேளுங்கள். “பார்க்க வரும்போது தருகிறோம்” என்றால், தெருவின் பெயரையும் ஊரையும் வைத்துத் தேடலாம்.

பிறகு அரசின் கவ் டாட் யூகே தளத்துக்குப் போய் ‘ஃபைண்ட் அன் எனர்ஜி சர்டிஃபிகேட்’ என்று தேடுங்கள். அரசுத் தளம்தானா என்று முகவரியை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இதே வேலைக்குக் காசு கேட்கும் தனியார் பக்கங்களும் தேடலில் மேலே வந்து நிற்கும். உள்ளே போனதும் வீடா, வணிகக் கட்டடமா என்று கேட்கும். வீட்டுக்கு ‘டொமஸ்டிக்’. போஸ்ட்கோடைப் போட்டால் அந்தப் போஸ்ட்கோடில் சான்றிதழ் எடுத்த வீடுகள் வரிசையாக வரும். பக்கத்திலேயே ஒவ்வொன்றின் எழுத்தும், எதுவரை செல்லும் என்ற தேதியும் இருக்கும்.

இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து மூன்றுக்கும் இதே தளம். ஸ்காட்லாந்துக்குத் தனிப் பதிவேடு. எடின்பரோ, கிளாஸ்கோ பக்கம் போகிறவர்கள் அதில் தேட வேண்டும்.

பட்டியலில் உங்கள் வீடு இல்லையென்றால் உடனே ஏஜென்ட் மேல் சந்தேகப்பட வேண்டாம். பெரிய வீட்டை ஃப்ளாட்டுகளாகப் பிரித்த இடங்களில் முகவரி ஒரு இடத்தில் ‘45பி’ என்றும், இன்னொரு இடத்தில் ‘ஃப்ளாட் 2, 45’ என்றும், மற்றொன்றில் ‘ஃபர்ஸ்ட் ஃப்ளோர் ஃப்ளாட்’ என்றும் இருக்கும். மூன்றும் ஒரே வீடாக இருக்கலாம். உரிமையாளர் பொதுப் பதிவேட்டில் தெரிய வேண்டாம் என்று விலக்கிக்கொண்டிருக்கவும் வழி உண்டு. அப்படியானால் அவரிடம்தான் பிரதி கேட்க வேண்டும்.

இன்னொரு விஷயம். பங்கு வீட்டில் ஒரு ரூம் மட்டும் எடுக்கிறீர்கள் என்றால், அந்த ரூமுக்கென்று தனி இபிசி இருக்காது. படிக்க வரும் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இதுதான் நிலைமை. ஆனாலும் முழு வீட்டின் பெயரில் ஒன்று இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். பில்லைப் பங்கு போடுகிற வீடு என்றால் கட்டாயம் பாருங்கள்.

எழுத்து என்ன சொல்கிறது

சான்றிதழைத் திறந்ததும் பச்சையில் தொடங்கிச் சிவப்பில் முடியும் ஏணி ஒன்று தெரியும். 92ம் அதற்கு மேலும் மார்க் என்றால் ஏ. 81 முதல் 91 வரை பி, 69 முதல் 80 வரை சி, 55 முதல் 68 வரை டி, 39 முதல் 54 வரை ஈ, 21 முதல் 38 வரை எஃப், அதற்கும் கீழே ஜி. இங்கிலாந்து, வேல்ஸ் வீடுகளின் சராசரி 60, அதாவது டி என்று சான்றிதழே சொல்கிறது. அதனால் டி என்றதும் பயப்பட வேண்டாம். பாதி லண்டன் அதில்தான் குடியிருக்கிறது என்று தோன்றும்.

எழுத்தோடு மார்க்கையும் பாருங்கள். 68 எடுத்த வீடும் 55 எடுத்த வீடும் டிதான். ஆனால் ஒன்று சி வாசலில் நிற்கிறது, மற்றொன்று ஈயில் விழப் பார்க்கிறது.

ஏணியில் இரண்டு எழுத்து இருக்கும். முதலாவது இப்போதைய நிலை. இரண்டாவது, சொல்லியிருக்கும் வேலைகளையெல்லாம் செய்து முடித்தால் வரக்கூடிய நிலை. அந்த இரண்டாவது எழுத்து வீட்டுக்காரரின் கனவு. நீங்கள் வாடகை கொடுக்கப்போவது முதலாவதுக்கு.

இந்த மார்க் சதுர மீட்டருக்கு ஆகும் செலவை வைத்துப் போடப்படுகிறது. அதனால் நாலு பெட்ரூம் சி வீட்டுக்கு, ஒரு பெட்ரூம் டி ஃப்ளாட்டைவிட பில் அதிகம் வரலாம். செலவு என்பதால் எரிபொருளின் விலையும் உள்ளே வந்துவிடுகிறது. மின்சாரம் ஒரு யூனிட் விலை கேஸைப் போல ஏறக்குறைய நாலு மடங்கு. சாதாரண மின்சார ஹீட்டர் வைத்த வீடு, சுவர் நன்றாக இருந்தாலும் மார்க்கில் அடி வாங்கும். அது உங்கள் பையிலும் அடிதான், அதனால் அநியாயம் என்று சொல்ல முடியாது.

எழுத்துக்குக் கீழே இருக்கும் பட்டியல்

இங்கேதான் பத்து நிமிடம் உட்கார வேண்டும். சுவர், கூரை, ஜன்னல், ஹீட்டிங், அதன் கட்டுப்பாடு, வெந்நீர், விளக்கு, தரை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி விவரமும், பெரும்பாலானவற்றுக்கு ‘வெரி குட்’ முதல் ‘வெரி புவர்’ வரை ஒரு மதிப்பும் இருக்கும். நான் எடுத்த ஃப்ளாட்டின் சுவர் வரி இப்படி இருந்தது: ‘சாலிட் பிரிக், ஆஸ் பில்ட், நோ இன்சுலேஷன், அஸ்யூம்ட்.’ மதிப்பு வெரி புவர்.

அந்த ஒரு வரியை உடைத்துப் பார்க்கலாம். சாலிட் பிரிக் என்றால் நடுவில் இடைவெளி இல்லாத ஒற்றைக் கனத்த செங்கல் சுவர். ஈஸ்ட் ஹாம் பக்கம் வரிசை வரிசையாக நிற்கும் விக்டோரியா காலத்து வீடுகளில் இதுதான். ஆஸ் பில்ட் என்றால் கட்டினபோது எப்படியோ இன்றும் அப்படியே. நோ இன்சுலேஷன் என்றால் சூடு வெளியே போகாமல் தடுக்கும் அடுக்கு எதுவும் இல்லை. கடைசிச் சொல் அஸ்யூம்ட்தான் முக்கியம். ‘நான் பார்க்கவில்லை, வீட்டின் வயதை வைத்து இப்படி இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன்’ என்று பொருள். மதிப்பிட வருபவர் சுவரைத் துளைத்துப் பார்ப்பதில்லை. பார்க்க முடியாததை எல்லாம் கட்டிய காலத்தை வைத்து நிரப்புகிறார். அந்தச் சொல் எத்தனை வரிகளில் இருக்கிறது என்று எண்ணுங்கள். நிறைய இருந்தால், அந்தச் சான்றிதழில் ஊகம் அதிகம்.

ஹாரோ பக்கம் 1930களில் கட்டிய இரட்டை வீடுகளுக்குப் போனால் ‘கேவிட்டி வால்’ என்ற சொல் அடிக்கடி வரும். இரண்டு சுவர், நடுவில் ஒரு இடைவெளி. ‘ஃபில்ட் கேவிட்டி’ என்றால் அந்த இடைவெளியில் பஞ்சு போன்ற பொருளை அடைத்திருக்கிறார்கள், நல்லது. அடைக்காவிட்டால் ‘நோ இன்சுலேஷன்’ என்று வரும்.

கூரை வரியில் லாஃப்டில், அதாவது கூரைக்கு அடியிலுள்ள பரணில், எவ்வளவு கனத்துக்கு இன்சுலேஷன் விரித்திருக்கிறார்கள் என்று மில்லிமீட்டரில் இருக்கும். இன்று பரிந்துரைப்பது 270. 50, 75 என்று இருந்தால் சூடு மேலே போய்க்கொண்டே இருக்கிறது. உங்கள் ஃப்ளாட்டுக்கு மேலே இன்னொரு வீடு இருந்தால் ‘அனதர் டுவெல்லிங் அபவ்’ என்று போட்டிருப்பார்கள். மேல்வீட்டுக்காரர் ஹீட்டிங் போட்டால் உங்களுக்கும் லாபம். நடுமாடி ஃப்ளாட்டுகள் எளிதில் சூடாவது இதனால்தான்.

ஹீட்டிங் வரி மற்ற எல்லாவற்றையும்விட உங்கள் பில்லைத் தீர்மானிக்கிறது. ‘பாய்லர் அண்ட் ரேடியேட்டர்ஸ், மெயின்ஸ் கேஸ்’ என்றால் வழக்கமான ஏற்பாடு. ‘எலக்ட்ரிக் ஸ்டோரேஜ் ஹீட்டர்ஸ்’ என்றால் இரவில் மலிவு விலை மின்சாரத்தில் செங்கல்லைச் சூடாக்கிப் பகலில் வெளியிடும் பெட்டிகள். இரவு விலை தனியாக உள்ள மீட்டர் இல்லையென்றால் அவை வெறும் தண்டம். ‘ரூம் ஹீட்டர்ஸ், எலக்ட்ரிக்’ என்று இருந்தால் நான் வாங்கிய அடி உங்களுக்கும் காத்திருக்கிறது. ‘கம்யூனிட்டி ஸ்கீம்’ என்றால் கட்டடம் முழுவதற்கும் ஒரே இடத்திலிருந்து வெந்நீர் வருகிறது. புதிய அடுக்குமாடிகளில் இது அதிகம். எழுத்து பி என்று அழகாக இருக்கும். ஆனால் சூட்டை விற்பவர் ஒருவர்தான், மாற்றிக்கொள்ள முடியாது. எரிசக்தித் துறையைக் கட்டுப்படுத்தும் அரசு அமைப்பான ஆஃப்ஜெம் அறிவிக்கும் கேஸ், மின்சார விலை உச்சவரம்பும் இதற்குப் பொருந்தாது. யூனிட் விலையையும், பயன்படுத்தாவிட்டாலும் தினமும் விழும் தினக் கட்டணத்தையும் எழுத்தில் வாங்கிய பிறகே முடிவு செய்யுங்கள்.

விளக்கு வரியைத் தாண்டிப் போய்விடலாம். பல்பு மாற்ற உங்களுக்கே தெரியும்.

பில் எவ்வளவு வரும்

‘ஒரு சராசரிக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு இவ்வளவு பவுண்ட்’ என்று சான்றிதழ் சொல்லும். அதை அப்படியே நம்ப வேண்டாம். இதில் ஹீட்டிங், வெந்நீர், விளக்கு மூன்றுதான் அடக்கம். சமையல், பிரிட்ஜ், வாஷிங் மெஷின், கிரைண்டர் எதுவும் கிடையாது. மேலும் அது சான்றிதழ் எடுத்த ஆண்டின் விலை. 2016இல் எடுத்த சான்றிதழில் இருக்கும் தொகையைப் பார்த்துப் பட்ஜெட் போட்டால் ஏமாந்துபோவீர்கள். பழைய சான்றிதழ்கள் சிலவற்றில் மூன்று ஆண்டுச் செலவைப் போட்டிருப்பார்கள். அதை ஓராண்டுக்கு என்று நினைத்து மிரண்டவர்களும் உண்டு.

இன்னும் ஒன்று. வரவேற்பறையில் 21 டிகிரி, மற்ற அறைகளில் 18 டிகிரி என்று வைத்துத்தான் இந்தக் கணக்கைப் போடுகிறார்கள். சென்னையிலிருந்து வந்த முதல் குளிர்காலத்தில் 18 டிகிரியில் தூங்குகிறவர் எத்தனை பேர்? எங்கள் வீட்டில் அம்மா வந்து தங்கியிருந்தபோது தெர்மோஸ்டாட் 24க்குக் கீழே இறங்கவில்லை. தாள் வீட்டைப் பற்றிப் பேசுகிறது, அம்மாவைப் பற்றி அதற்குத் தெரியாது.

அதனால் பவுண்டை விட்டுவிட்டு யூனிட்டைப் பிடியுங்கள். ஹீட்டிங்குக்கும் வெந்நீருக்கும் ஆண்டுக்கு எத்தனை கிலோவாட் அவர் தேவை என்று பல சான்றிதழ்களில் தனியாக இருக்கும். நம் ஊரில் யூனிட் என்கிறோமே, அதேதான். ஒரு ஃப்ளாட்டுக்கு இரண்டும் சேர்த்து 8,000 என்று வைத்துக்கொள்வோம். கேஸ் பாய்லரில் பத்தில் ஒரு பங்காவது வீணாகும் என்று 9,000 ஆக்குங்கள். யூனிட் 6 பென்ஸ் என்றால் 540 பவுண்ட். அதே ஃப்ளாட்டில் மின்சார ஹீட்டர், யூனிட் 25 பென்ஸ் என்றால் 8,000க்கு 2,000 பவுண்ட். வெளியிலிருக்கும் சூட்டை உள்ளே இழுத்துத் தரும் ஹீட் பம்ப் இருந்தால் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய மூன்று யூனிட் சூடு கிடைக்கும். 2,000ஐ மூன்றால் வகுத்துக்கொள்ளுங்கள். விலைகள் கணக்குக்காகச் சொன்னவை. உங்கள் தேதியின் விலையைப் போட்டு, தினக் கட்டணத்தையும் கூட்டுங்கள். இரண்டு வீட்டில் எது என்று தடுமாறும்போது, மாத வாடகையோடு இந்தத் தொகையைப் பன்னிரண்டால் வகுத்துச் சேர்த்துப் பாருங்கள். 50 பவுண்ட் வாடகை குறைந்த வீடு சில நேரம் விலை கூடினதாக இருக்கும்.

நேரில் போகும்போது

சான்றிதழ் 2017இல் எடுத்ததாக இருக்கும், பாய்லர் 2022இல் மாற்றியதாக இருக்கும். வேலை செய்ததும் சான்றிதழ் தானாக மாறாது. அதனால் போனில் இபிசியைத் திறந்து வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பாருங்கள்.

வெளிச் சுவரில் தொடங்குங்கள். செங்கற்கள் எல்லாம் நீளவாக்கிலேயே தெரிந்தால் பெரும்பாலும் கேவிட்டி வால். நீளமும் குட்டையும் மாறி மாறித் தெரிந்தால் சாலிட். குட்டையாகத் தெரிவது, சுவரின் குறுக்கே போகும் செங்கல்லின் முனை. கேவிட்டி சுவரில் சீரான இடைவெளியில் நாணயம் அளவுக்குச் சிமென்ட் பூசிய பொட்டுகள் தெரிந்தால், துளை போட்டு உள்ளே அடைத்திருக்கிறார்கள்.

ஜன்னல் கண்ணாடியின் ஓரத்தில், இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் ஓடும் உலோகப் பட்டியைப் பாருங்கள். சிலவற்றில் தயாரித்த ஆண்டு அச்சாகியிருக்கும். கண்ணாடிகளுக்கு நடுவே பனி படர்ந்தாற்போல் மங்கலாக இருந்தால் சீல் போய்விட்டது. பாய்லருக்குக் கீழே மெல்லிய பிளாஸ்டிக் வடிகுழாய் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது கண்டென்சிங் பாய்லர், புகையோடு போகும் சூட்டையும் பிடித்துக்கொள்ளும் வகை. இங்கிலாந்தில் 2005 ஏப்ரலிலிருந்து பொதுவாக அந்த வகையைத்தான் பொருத்த வேண்டும்.

அப்புறம் மூக்கை நம்புங்கள். ஓதத்தையும் பூஞ்சையையும் இபிசி அளப்பதில்லை. சி எடுத்த வீட்டிலும் அலமாரிக்குப் பின்னால் கறுப்பாகப் படர்ந்திருக்கலாம். நாம் சோறு வடிப்போம், ரசம் கொதிக்கவிடுவோம், துணியை ரேடியேட்டரிலேயே காயப்போடுவோம். அந்த ஈரமெல்லாம் குளிர்ந்த சுவரில் போய் உட்காரும். சமையலறையிலும் குளியலறையிலும் காற்றை வெளியே தள்ளும் ஃபேன் ஓடுகிறதா என்று சுவிட்சைப் போட்டுப் பாருங்கள்.

சட்டம் உங்களுக்குத் தருவது

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வாடகை வீடு குறைந்தது ஈ இருக்க வேண்டும். 2018 ஏப்ரல் 1 முதல் புதிய ஒப்பந்தங்களுக்கும், 2020 ஏப்ரல் 1 முதல் ஓடிக்கொண்டிருக்கும் ஒப்பந்தங்களுக்கும் இதுதான் விதி. எஃப் அல்லது ஜி வீட்டை விடுவதென்றால் விலக்குப் பதிவேட்டில் முறையாகப் பதிந்திருக்க வேண்டும். மீறினால் கவுன்சில் ஒரு வீட்டுக்கு 5,000 பவுண்ட் வரை அபராதம் போடலாம். குறைந்தபட்சத்தை 2030க்குள் சி ஆக்கும் யோசனையை அரசு 2025இல் கருத்துக் கேட்புக்கு வைத்தது. வாடகைக்கு விட வீடு வாங்க நினைக்கும் நம்மவர்கள் இதை மனத்தில் வைத்துத்தான் பேரம் பேச வேண்டும். குடிவருபவருக்கு இபிசி பிரதியை இலவசமாகத் தர வேண்டியதும் வீட்டுக்காரரின் பொறுப்பு. கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். ஒரு வரி மெயில் போதும்.

தப்பு இருந்தால்

சான்றிதழின் கடைசியில் மதிப்பிட்டவரின் பெயர், தொலைபேசி, அவர் எந்த அங்கீகார அமைப்பின் கீழ் இருக்கிறார் என்பது எல்லாம் இருக்கும். முதலில் அவரிடம் சொல்லுங்கள். கேட்காவிட்டால் அமைப்பிடம் போகலாம். அதே பக்கத்தில் அந்த வீட்டின் பழைய சான்றிதழ்களுக்கும் இணைப்பு இருக்கும். அதையும் தட்டிப் பாருங்கள். பழையதில் ‘கேவிட்டி’, புதியதில் ‘சாலிட்’ என்று இருந்தால் இரண்டில் ஒருவர் சரியாகப் பார்க்கவில்லை. மார்க் மட்டும் கொஞ்சம் மாறியிருந்தால் தப்பு என்று சொல்ல முடியாது. கணக்கிடும் முறையும் அவ்வப்போது மாறுகிறது, 2025 ஜூனிலும் மாறியது.

சொந்த வீடு வாங்கி, உங்கள் வீட்டுக்கே மதிப்பிட ஆள் வரும் நாள் வந்தால் பாய்லரின் புத்தகம், ஜன்னல் மாற்றிய சான்றிதழ், இன்சுலேஷன் போட்ட ரசீது எல்லாவற்றையும் மேஜைமேல் எடுத்து வையுங்கள். ஆதாரம் இல்லாத வேலையை அவரால் கணக்கில் சேர்க்க முடியாது. லாஃப்ட் கதவையும் திறக்கும்படி வையுங்கள். எங்கள் வீட்டுக்கு வந்தவரால் மேலே ஏறவே முடியவில்லை. கதவுக்கு நேர் கீழே ஊருக்குக் கொண்டுபோகிற நாலு பெட்டிகளும், இரண்டு வெண்கல உருளியும், யாரும் தொடாத ஒரு டிரெட்மில்லும். அவர் ஏணியை வைக்க இடம் தேடினார், சிரித்தார், வீடு கட்டிய ஆண்டைக் கேட்டுக் குறித்துக்கொண்டு போய்விட்டார். நாங்கள் காசு கொடுத்து விரித்த 270 மில்லிமீட்டர் இன்சுலேஷன் மேலே இருக்க, சான்றிதழில் கூரைக்கு ‘வெரி புவர்’ என்று வந்தது. மறுபடி காசு கட்டி வரவழைத்தோம். இந்தத் தடவை முதல் நாள் இரவே டிரெட்மில்லை மாடிப்படி வழியாக இறக்கிவிட்டேன். இன்னும் அது ஹாலில்தான் இருக்கிறது.